பனியில் படிந்த புகை

வரலாற்றுச் சான்று என்றவுடன் தமிழ் பயிலும் மாணவர் நெஞ்சில் தோன்றுவன கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே ஆகும். இவை யாவும் எவரோ ஒருவர் பிறருக்கு உணர்த்த வேண்டுமென எண்ணிப் பொறித்தவை. வென்ற போரைக் கல்லில் வெட்டுவித்த மன்னன் தோற்ற போரை வெட்டுவித்ததில்லை. ஆகவே இச்சான்றுகளைப் படிப்போர் எழுதியவன் யார், எதை மறைத்தான் என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டியுள்ளது.

எழுதுவோன் இன்றித் தானே எழுதிக்கொள்ளும் ஏடு ஒன்றும் உண்டு. உலகின் வடகோடியில் கிரீன்லாந்திலும் தென்கோடியில் அண்டார்டிக்காவிலும் உருகாது கிடக்கும் பனிப்பாளமே அது. ஆண்டுதோறும் பெய்யும் பனி முந்திய ஆண்டின் பனிமீது படிந்து, அதனை அழுத்திக் கட்டியாக்குகிறது. பனியோடு காற்றிலிருந்த தூசும் கரியும் உலோகத் துகளும் இறங்குகின்றன. இடையில் அகப்பட்ட காற்றும் சிறுசிறு குமிழிகளாகச் சிறைப்படுகிறது. ஆழத் துளையிட்டு எடுத்த பனி உருளையில், மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணுவதுபோல் அறிஞர்கள் ஆண்டுகளை எண்ணி, அந்தந்த ஆண்டின் காற்றில் என்னென்ன கலந்திருந்தன எனக் கண்டு கூறுகின்றனர். இவ்வேட்டில் புகழுரையும் இல்லை, மறைப்பும் இல்லை.

இவ்வேட்டுக்கும் கிள்ளானை அடுத்த காப்பாருக்கும் யாது தொடர்பு என்னும் வினா இயல்பாகவே எழும். காப்பார், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில், கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் சாலையில் உள்ள ஊர். பனி என்பதைக் கதையிலும் படத்திலும் மட்டுமே கண்ட மக்கள் வாழும் ஊர். வடதுருவம் அங்கிருந்து ஏறத்தாழ 9,600 கிலோமீட்டர். தென்துருவமோ 10,300 கிலோமீட்டர். ஆயினும், பால்மரமும் பின்னர் செம்பனையும் சூழ்ந்திருந்த இவ்வூரின் கடலோரத்தில் எழுந்த புகைபோக்கிகளுக்கும் அத்தொலைவுப் பனிக்கும் இடையே காற்று ஒரு வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. அவ்வழியைப் புரிந்துகொள்ளப் பனியேட்டின் பழைய பக்கங்களிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

அவ்வேட்டை முதன்முதல் செம்மையாகப் படித்தவர்களுள் அமெரிக்க அறிஞர் கிளேர் பேட்டர்சன் தலையாயவர். விண்கற்களிலுள்ள ஈயத்தை அளந்து, பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என 1950-களில் நிறுவியவர் இவரே. அவ்வாய்வில் அவருக்கு நேர்ந்த இடர் விந்தையானது. எவ்வளவு தூய்மையாக அளந்தாலும் கணக்கில் வராத ஈயம் மிகுதியாக வந்து சேர்ந்தது. அது கல்லிலிருந்து வந்ததன்று. ஆய்வுக்கூடத்துக் காற்றிலிருந்தும் தூசியிலிருந்தும் வந்தது. ஈயம் கலந்த பெட்ரோலை எரிக்கும் மோட்டார் வண்டிகள் உலகக் காற்றையே ஈயத்தால் நிரப்பிவிட்டன என்னும் ஐயம் அவருக்குப் பிறந்தது. அந்த ஐயத்தைத் தீர்க்க அவர் நாடியது கிரீன்லாந்தின் பனி. முரொசுமி, சாவ் ஆகியோருடன் இணைந்து 1969-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, கிறித்துவுக்கு முன் 800-ஆம் ஆண்டளவில் பெய்த பனியோடு ஒப்பிட, 1965-இல் பெய்த பனியில் ஈயம் ஏறத்தாழ 200 மடங்கு மிகுந்திருந்தது எனக் காட்டியது. ஆலையோ நெடுஞ்சாலையோ இல்லாத பனிவெளியில் இவ்வளவு ஈயம் சேர்ந்திருந்தது. அமெரிக்காவில் ஈயப் பெட்ரோல் ஒழிந்ததற்கு அவருடைய நீண்ட போராட்டம் பெருங்காரணம் எனலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் சாலைகளுக்கு ஈயமில்லாப் பெட்ரோல் வந்து சேர 1990-கள் ஆயின.

பின்வந்தோர் அதே பனியில் உரோமப் பேரரசையே கண்டனர். வெள்ளிக்காக ஈயத்தாதுவை உருக்கிய கிரேக்கர், உரோமானியர் ஆகியோரின் உலைப்புகை, ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 1,700 ஆண்டுகளுக்கு முன்வரை, கிரீன்லாந்துப் பனியின் ஈயத்தை இயற்கை அளவினும் நான்கு மடங்கு உயர்த்தியிருந்தது என 1994-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. 2018-இல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. கி.பி. 165-இல் உரோம நாட்டைத் தாக்கிய பெருங்கொள்ளை நோயின்போது சுரங்கத் தொழில் சரிந்ததும், ஈயம் குறைந்ததாகப் பனியில் பதிவாகியுள்ளது. உரோமானிய வரலாற்றாசிரியர்கள் எழுதத் தவறிய பொருளாதாரக் கணக்கைப் பனி எழுதி வைத்திருக்கிறது.

தென்கோடியின் பக்கம் இதனினும் வியப்புக்குரியது. நார்வே நாட்டு அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14-ஆம் நாள் தென்துருவத்தில் முதன்முதல் காலடி வைத்தார் என்பதைப் பள்ளிப் பாடநூல்கள் கூறும். ஆனால் 2014-இல் வெளியான ஆய்வின்படி, ஆஸ்திரேலியாவின் பிரோக்கன் ஹில் சுரங்கத் தாதுவின் அடையாளம் கொண்ட ஈயம் 1889-லேயே அண்டார்டிக்கப் பனியில் இறங்கிவிட்டது. அமுண்ட்சென் கால்வைத்த பனி 22 ஆண்டுகளுக்கு முன்பே மாசுற்றிருந்தது. மனிதன் ஒரு நிலத்தைக் கண்டுபிடிக்கும் முன்னரே அவன் புகை அதைக் கண்டுபிடித்துவிட்டது! அதற்கும் முன்னர், ஏறத்தாழ கி.பி. 1300 முதல், நியூசிலாந்தில் குடியேறிய மவோரி மக்கள் காடு திருத்த மூட்டிய தீயின் கரி, அண்டார்டிக்காவின் ஜேம்ஸ் ராஸ் தீவுப் பனியில் படிந்துள்ளது என 2021-இல் ஆய்வாளர் தெரிவித்தனர். எனவே இது ஆலை முதலாளிகள் மட்டுமே தொடங்கி வைத்த கதையன்று. அளவுதான் வேறு. கிரீன்லாந்தின் சில பகுதிகளில் 1906 முதல் 1910 வரை பெய்த பனியில் கரித்துகள் தொழிற்புரட்சிக்கு முந்திய அளவைப்போல் ஏழு மடங்காக இருந்தது. அது நிலக்கரி ஆண்ட காலம்.

அதே காலத்தில்தான் கிள்ளான் பள்ளத்தாக்கும் புகையத் தொடங்கியது. 1881-ஆம் ஆண்டு கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துச் சூறையாடின. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் இனி வேண்டா, செங்கல்லாலேயே கட்டிடங்கள் எழவேண்டும் என ஆட்சியாளர் ஆணையிட்டனர். அதற்கான செங்கற்சூளைகள் புகைந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை ஒட்டிய புக்கிட் கூடாவுக்கும் இடையே புகைவண்டி ஓடலாயிற்று. சூளையிருந்த பிரிக்பீல்ட்ஸ் பின்னர் இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்பாக மாறி, தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் நிறைந்த ஊராயிற்று. கிள்ளான், காப்பார் வட்டாரத்துத் தோட்டங்களில் ரப்பர்த் தாள்களைப் புகையூட்டி உலர்த்தும் அறைகள் எழுந்தன. 1915-இல் பத்து ஆராங்கில் நிலக்கரிச் சுரங்கம் வேலையைத் தொடங்கியது. அந்நிலக்கரியே புகைவண்டிகளை ஓட்டியது. 1927-இல் பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரில் எழுந்த மின்நிலையத்தின் உலைகளையும் எரித்தது. 1953-இல் கிள்ளானில் கன்னாட் பாலத்து மின்நிலையம் வந்தது. 1960-இல் பத்து ஆராங் சுரங்கம் மூடப்பட்டது.

இந்த எழுபது, எண்பது ஆண்டுப் புகையை முதலில் மூச்சிழுத்தவர்கள் அதன் அருகில் உழைத்தவர்களே. என்ஜினுக்குக் கரி வாரிப் போட்டவரும், சூளையில் கல் அடுக்கியவரும், புகையறையில் தாள் திருப்பியவரும் தமிழரும் சீனருமாவர். மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் கூலிக்கணக்கும் கப்பற்கணக்கும் தேடுகின்றனர். இப்புகைக்கணக்கை இன்னும் தேடியதாகத் தெரியவில்லை.

சூளைக்கரியும் என்ஜின்கரியும் துருவத்தை அடைந்தனவா? பெரும்பாலும் இல்லை என்றே விடை கூறவேண்டும். கரித்துகள் காற்றில் தங்கும் காலம் ஒரு கிழமை அளவே. வெப்ப மண்டலத்தின் பெருமழை அதனைக் கழுவி மண்ணிலும் ஆற்றிலும் சேர்த்துவிடும். துருவத்தின் கரி அருகிலுள்ள குளிர்நாடுகளிலிருந்தே மிகுதியும் செல்கிறது. 1950-களில் ஆர்க்டிக் வானில் பறந்த அமெரிக்க வானிலை விமானிகள், தூய்மையாக இருக்க வேண்டிய வானத்தில் பழுப்புநிற மூட்டம் நிற்பதைக் கண்டனர். மரே மிட்செல் என்பார் அதனை 1956-இல் எழுதி வைத்தார். இருபது ஆண்டுக்காலம் அதன் தோற்றுவாய் தெரியவில்லை. கோபிப் பாலைவனத்துத் தூசியோ என்றுகூட ஐயுற்றனர். பின்னர் அதிலிருந்த கந்தகத்தையும் வனேடியம் போன்ற உலோகங்களையும் ஆராய்ந்து, அது ஐரோப்பா, சோவியத் நாட்டு ஆலைகளின் புகையே எனத் தெளிந்தனர். மழையற்ற மாரிக்காலத்தில், கழுவுவார் இன்றி, அப்புகை வடக்கே சென்று தேங்கியது. வெண்பனிமீது படியும் கரி சூரிய வெப்பத்தை ஈர்த்துப் பனியை விரைவில் உருகச் செய்வது அதன் தொடர்கேடு.

ஆனால் மழைக்கு அகப்படாத பொருள்கள் வேறு உண்டு. அவற்றுக்குத் தொலைவு ஒரு பொருட்டன்று. காப்பாரின் பங்கு அவற்றிலேதான் இருக்கிறது.

முதலாவது டி.டி.டி. 1901-இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் கண்டது மலேரியாவால் மடியும் ஊரை. அதே ஆண்டில் திறந்த சுவெட்டன்ஹம் துறைமுகம், இன்றைய கோலக்கிள்ளான், காய்ச்சலால் மூடப்படும் நிலைக்கு வந்தது. அவர் சதுப்பை வெட்டி வடிகால் அமைத்து நோயை அடக்கினார். அவ்வடிகால் பிற நாட்டுக்கு எத்தீங்கும் அனுப்பவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. வந்தது. 1967-இல் மேற்கு மலேசியாவில் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தின் கீழ் வீடுகளின் உட்சுவர்களில் அது தெளிக்கப்பட்டது. அதனால் பிழைத்த உயிர்கள் பல. அதனை மறுத்துப் பேசுவது தோட்ட மக்களின் துயரை அறியாதார் பேச்சு.

எனினும் 1966-லேயே, அண்டார்டிக்காவின் அடேலி பென்குயின் பறவைகளின் உடற்கொழுப்பில் டி.டி.டி. எச்சம் இருந்ததாக அறிவியல் ஏடுகள் தெரிவித்தன. பயிர்த்தொழில் இல்லாத அந்நிலத்தில் அம்மருந்தை எவரும் பயன்படுத்தியதில்லை. உலகெங்கும் வயலிலும் வீட்டிலும் தெளித்தது வெயிலில் ஆவியாகி எழுந்து, குளிர்ந்த இடத்தில் படிந்து, மீண்டும் எழுந்து, வெட்டுக்கிளி தாவுவதுபோல் படிப்படியாகக் குளிர்நாடு நோக்கி நகர்கிறது. வெப்பநாட்டில் எழுவது மிகுதி. துருவத்தில் எழுவது அரிது. ஆகவே சென்றது அங்கேயே தங்கிவிடுகிறது. இவ்விளக்கத்தை வானியா, மக்கே என்னும் அறிஞர் இருவர் 1993-இல் தெளிவுபடுத்தினர். தோட்டச் சுவரில் அடித்த மருந்தின் எந்த அணு பென்குயினிடம் போயிற்று என எவராலும் காட்ட இயலாது. அவ்வழியில் வெப்பநாடுகள் அனைத்தும் பங்காளிகள்.

இப்பொருள்கள் கடல்வாழ் உயிர்களின் கொழுப்பில் சேர்ந்து, சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும், கடல்நாய்க்கும், திமிங்கிலத்துக்கும் செறிவு மிகுந்து ஏறுகின்றன. அவற்றை உண்போர் இன்யூட் மக்கள். 1980-களில் கனடாவின் கியூபெக் மாநிலத்து மருத்துவ ஆய்வாளர் எரிக் டெவாய்லி, தென்பகுதி நகரத் தாய்மாரின் பாலை, மாசற்றது என்று கருதிய வடகோடி இன்யூட் தாய்மாரின் பாலோடு ஒப்பிட விரும்பினார். முடிவு நேர்மாறாக வந்தது. ஆலைகளில் பயன்பட்ட பி.சி.பி. என்னும் நச்சு எண்ணெய்ப்பொருள் இன்யூட் தாய்ப்பாலில் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுந்திருந்தது. அப்பொருளைச் செய்ததும் விற்றதும் வாங்கியதும் அம்மக்கள் அல்லர். குழந்தைக்குப் பாலூட்டலாமா கூடாதா என்னும் கவலை மட்டும் அத்தாய்மாருக்கு வந்து சேர்ந்தது. நன்மை மிகவே ஊட்டுங்கள் என மருத்துவர்கள் கூறினர். வேறென்ன கூற இயலும்? இத்தகைய பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001-இல் உருவாகி 2004-இல் நடைமுறைக்கு வந்தது. மலேரியா ஒழிப்புக்கு மட்டும் டி.டி.டி.க்கு அது இடம் விட்டது.

இரண்டாவது நிலக்கரிப் புகை. இங்கே புகைபோக்கியின் உயரத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1952 டிசம்பரில் இலண்டனில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற புகைப்பனிக்குப் பின், மேலை நாட்டார் பலர் கண்ட எளிய வழி புகைபோக்கியை உயர்த்துவது. 1972-இல் கனடாவின் சட்பரியில் 381 மீட்டர் உயரத்தில் ஒன்றை எழுப்பினர். உள்ளூர் வானம் தெளிந்தது உண்மை. பிரிட்டிஷ், ஜெர்மானியப் புகையின் கந்தகமோ நார்வே, சுவீடன் ஏரிகளில் அமில மழையாய் விழுந்தது. அண்டை வீட்டு வாசலுக்குக் குப்பையைத் தள்ளிப் பெருக்குவதற்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு.

காப்பாரின் சுல்தான் சலாவுடின் அப்துல் அஜிஸ் மின்நிலையம் 1980-களில் எழுந்தது. எண்ணெயும் எரிவாயுவும் கொண்டு தொடங்கி, பின்னர் நிலக்கரியை மிகுதியும் எரிக்கும் நிலையமாக விரிவடைந்து, முழு வளர்ச்சியில் 2,420 மெகாவாட் திறன் பெற்றது. பத்து ஆராங் மூடிய பின் மறைந்திருந்த நிலக்கரி, இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலேறித் திரும்பி வந்தது. தீபகற்பத்தின் விளக்குகள் பலவற்றை எரிய வைப்பது இந்நிலையம். தோட்டத்து லயங்களுக்கு மின்விளக்கு வந்த மகிழ்ச்சியை அறிந்தோர் இதனை ஒரே சொல்லில் பழித்துவிட இயலாது. துகளைப் பிடிக்கும் கருவிகள் நிலக்கரி உலைகளுக்கு உண்டு. ஆயினும் எந்த நிலக்கரியிலும் மிகச் சிறிதளவு பாதரசம் கலந்திருக்கும். அதில் ஒரு பகுதி ஆவியாய் வெளியேறிப் பல மாதங்கள் காற்றிலேயே தங்கி உலகைச் சுற்றும். 1995-இல் கனடாவின் வடகோடியிலுள்ள அலெர்ட் நிலையத்தில், நீண்ட துருவ இரவு முடிந்து கதிரவன் மீண்டதும், காற்றிலிருந்த பாதரசம் திடீரெனக் குறைவதை அளந்தனர். கடலுப்பிலிருந்து எழும் புரோமினின் வினையால் அது மாற்றமடைந்து பனிமீது இறங்கியதே காரணம்.

கரியமில வாயு இதனினும் நெடுங்காலம் நிற்பது. சார்ல்ஸ் கீலிங் 1957-இல் தென்துருவத்திலும் 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையிலும் அதனை அளக்கத் தொடங்கினார். தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்தது என்பது பனிக்குமிழிகள் கூறும் கணக்கு. 2016 மே மாதத்தில் தென்துருவத்துக் காற்றிலும் அது 400-ஐத் தாண்டியது. உலகில் அவ்வெல்லையைக் கடைசியாகத் தாண்டிய இடம் அதுவே. வடபாதியில் எழும் வாயு தென்பாதியோடு கலக்க ஓராண்டளவு ஆகும். காப்பாரில் எரிந்த நிலக்கரியின் வாயுவும் அக்கலவையில் உண்டு என்பதில் ஐயமில்லை.

காப்பார் புகையை அனுப்பும் ஊர் மட்டுமன்று, பெறும் ஊருமாகும். 1997-இல் சுமத்திராவிலும் போர்னியோவிலும் காடும் கரிமண் சதுப்பும் எரிந்தபோது மலேசிய வானம் மாதக்கணக்கில் இருண்டது. சரவாக்கில் செப்டம்பர் 19-ஆம் நாள் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 839-ஐத் தொட்டது. அவ்வாண்டு இந்தோனேசியத் தீ வெளியிட்ட கரிமம், உலகம் ஓராண்டில் எரிபொருள் எரித்து வெளியிடும் கரிமத்தில் 13 முதல் 40 விழுக்காடு வரை இருக்கலாம் என ஆய்வாளர் மதிப்பிட்டனர். 2005 ஆகஸ்டு 11-ஆம் நாள் கோலக்கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500-ஐத் தாண்ட, அவ்விரு இடங்களிலும் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. வரைபடத்தை விரித்து நோக்கின் அவ்விரண்டுக்கும் இடையே கிடப்பது காப்பார். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள், இன்யூட் தாய்மாரைப் போலவே, தாம் மூட்டாத தீயின் புகையை வாங்கினர். புகைமூட்டம் பற்றிய ஆசியான் உடன்படிக்கை 2002 ஜூன் 10-இல் கோலாலம்பூரில்தான் கையெழுத்தாயிற்று. இந்தோனேசியா அதனை ஏற்றதோ 2014-இல். தீயிட்ட தோட்டங்கள் சிலவற்றில் மலேசிய முதலும் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

துருவத்தைப் பற்றி மலேசியா வாளாவிருந்த நாடன்று. 1982 செப்டம்பரில் பிரதமர் மகாதீர் முகமது ஐக்கிய நாட்டு மன்றத்தில், அண்டார்டிக்கா ஒரு சில நாடுகளின் உடைமையன்று, மனித குலத்தின் பொதுச்சொத்து என வாதாடினார். 1959-இல் பன்னிரண்டு நாடுகள் மட்டும் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தை எதிர்த்து எழுந்த குரல் அது. அடுத்த ஆண்டு முதல் அண்டார்டிக்கா குறித்த வினா ஐக்கிய நாட்டு மன்றத்தின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றது. பின்னர் மலேசிய அறிவியலாளர் அங்குச் சென்று ஆராயலாயினர். 2011 அக்டோபர் 31-ஆம் நாள் மலேசியா அதே ஒப்பந்தத்தில் இணைந்தது. பொதுச்சொத்து என்னும் அவ்வாதம் நிலத்தையும் கனிவளத்தையும் எண்ணி எழுந்தது. அவ்வாதம் எழுவதற்கு முன்பே எல்லா நாடுகளின் புகையும் அச்சொத்தில் பங்கு கொண்டிருந்தது. அப்போது அவ்வளவாக எவரும் அதைப் பேசவில்லை.

1985 மே மாதத்தில், ஃபார்மன் முதலிய பிரிட்டிஷ் அறிவியலாளர் மூவர் ஹாலி நிலையத்துக்கு மேலே ஓசோன் படலம் தேய்ந்ததை வெளியிட்டனர். குளிர்பதனப் பெட்டிகளின் வாயு அத்தொலைவு சென்று வினைபுரிந்தது உலகை உலுக்கியது. இரண்டே ஆண்டில் மாண்டிரியல் உடன்படிக்கை பிறந்தது. புகைக்கு அத்தகைய விரைவு வாய்க்கவில்லை.

அண்டார்டிக்கச் சூழலைக் காக்கும் மாட்ரிட் நெறிமுறை 1991-இல் உருவாயிற்று. அதன்படி சுரங்கம் தோண்டுதல் தடைபட்டது. இழுவை நாய்கள் 1994-க்குள் அக்கண்டத்திலிருந்து அகற்றப்பட்டன. நிலையங்களின் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது 1990-களின் இறுதிக்குள் நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய அதே வேளையில், 1998-இல், மலேசியாவும் தன் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தைத் திருத்தித் திறந்தவெளி எரிப்பைத் தடைசெய்தது. நாயையும் குப்பையையும் எண்ணிப் பார்த்து விதி எழுதிய நெறிமுறையில், பிற கண்டங்களிலிருந்து காற்றில் வருவதைத் தடுக்கும் விதி ஒன்றுகூட இல்லை.